பன்னிரண்டாம் தெருவின் டிராம்போன்கள்

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் அதை எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோஸா பார்க்ஸ், பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர். இதுதான் அவர் மறுத்த 1955 டிசம்பர் 1 மாலை, இவர்தான் இடம் கேட்டவர் என்று படத்தைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும். இரண்டும் தவறு. அந்தப் படம் எடுக்கப்பட்டது 1956 டிசம்பர் 21 அன்று. அலபாமாவின் மான்ட்காமரி நகரத்தில் பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்து, இருக்கையில் நிறம் பார்ப்பது செல்லாது என்ற தீர்ப்பு நடைமுறைக்கு வந்து, கறுப்பின மக்கள் மறுபடி பேருந்தில் ஏறிய நாள் அது. பத்திரிகைகளுக்காக உட்காரச் சொல்லி எடுத்த படம். பின்னால் இருப்பவர் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். 7053 என்ற எண் பலகையோடு பார்க்ஸ் காட்சி தரும் இன்னொரு படம் உண்டு. அதுவும் முதல் கைதின் படமல்ல. புறக்கணிப்பை நடத்தியதற்காக 1956 பிப்ரவரியில் பலரோடு சேர்த்துக் கைதானபோது எடுத்தது. அந்த டிசம்பர் மாலையில் பேருந்துக்குள் நடந்ததைக் காட்டும் படம் எதுவும் இல்லை. இருந்தும் அந்தக் காட்சிதான் உலகம் முழுக்க அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

பார்க்ஸுக்குச் செய்யப்பட்ட மரியாதைகளைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா முன்னிலையில் அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள், சிலை உட்கார்ந்திருக்கிறது. அவர் ஏறிய பேருந்து என்று அடையாளம் காணப்பட்ட 2857ஆம் எண் வண்டி, வயல்வெளியில் பல்லாண்டு துருப்பிடித்துக் கிடந்து, 2001இல் ஏலத்துக்கு வந்தது. டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை 4,92,000 டாலருக்கு எடுத்துப் புதுப்பித்து நிறுத்தியிருக்கிறது. 2005 அக்டோபரில் தொண்ணூற்றிரண்டு வயதில் அவர் இறந்தபோது, அடக்கம் முடியும்வரை மான்ட்காமரியிலும் டெட்ராய்ட்டிலும் ஓடிய பேருந்துகளில் முன் இருக்கைகளைக் கறுப்பு ரிப்பன் கட்டிக் காலியாக வைத்தார்கள். எல்லாம் மனமார்ந்த மரியாதைதான். குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எல்லா மரியாதையும் அவரை உட்காரவே வைக்கிறது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்த ஒருவரை ஒரு மாலையின் சில நிமிடங்களுக்குள் போட்டுப் பூட்டுகிறது. இந்தப் பூட்டைத் திறந்த ஒரு படைப்பைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். மைக்கேல் டாகர்ட்டி பேண்டுக்காக எழுதிய ‘ரோஸா பார்க்ஸ் பூல்வார்ட்’ என்ற இசைப் படைப்பு அது. 2001ஐ ஒட்டி, அதாவது அருங்காட்சியகம் பேருந்தை வாங்கிய அதே காலத்தில், வெளிவந்தது. கல்லும் வெண்கலமும் செய்ய முடியாத ஒன்றை அது செய்கிறது, தன் தலைப்பாலும், எடுத்துக்கொண்ட பாட்டாலும், முடிகிற விதத்தாலும்.

பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலமோ குடியரசு தின அணிவகுப்போ நினைவுக்கு வந்தால் பாதி சரி. இங்கே பேசுவது அரங்கில் உட்கார்ந்து வாசிக்கும் பேண்டு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், சாக்ஸஃபோன். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா. பின்னால் ஒரு பெரிய தாளவாத்தியப் படை. வயலின் கூட்டம் கிடையாது. ராணுவத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பூங்காவுக்கும், பிறகு பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேர்ந்த வாத்தியக் குழு இது. அமெரிக்காவில் சிம்பொனி இசைக்குழுவைப் பார்த்திராத ஊர்கள் உண்டு. பேண்டு இல்லாத உயர்நிலைப் பள்ளி அரிது. டாகர்ட்டி 1954இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை நடன இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 1991 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புக் கற்பிக்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பேண்டுக்காக, ராபர்ட் ரெனால்ட்ஸ் அதன் நடத்துநராக இருந்த காலத்தில் எழுதப்பட்டது இந்தப் படைப்பு. ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஓடும். முன்னணியில் நிற்பவை மூன்று டிராம்போன்கள்.

தலைப்பை எடுத்துக்கொள்வோம். ‘ரோஸா பார்க்ஸ்’ என்று வைத்திருக்கலாம். ‘மான்ட்காமரி 1955’ என்று வைத்திருக்கலாம். வைத்தது ஒரு தெருவின் பெயர். அந்தத் தெரு அலபாமாவில் இல்லை, டெட்ராய்ட்டில் இருக்கிறது. 1976 வரை அதன் பெயர் பன்னிரண்டாம் தெரு. அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் போதும். 1967 ஜூலை 23 விடியற்காலை, பன்னிரண்டாம் தெருவும் கிளேர்மவுன்ட் சாலையும் சந்திக்கும் இடத்தில், உரிமமின்றி நள்ளிரவுக்கு மேல் நடந்த ஒரு மது விடுதிக்குள் போலீஸ் நுழைந்து உள்ளே இருந்தவர்களையெல்லாம் கைது செய்தது. வெளியே கூடிய கூட்டம் கல்லெறிந்தது. ஐந்து நாளில் நாற்பத்துமூன்று பேர் செத்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நகரத்துக்குள் ராணுவம் இறங்கியது. அதைக் கலவரம் என்பவர்களும் உண்டு, கிளர்ச்சி என்பவர்களும் உண்டு. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே நாம் நிற்கும் பக்கம் தெரிந்துவிடும். ஒன்பது ஆண்டு கழித்து அந்தத் தெருவுக்குத்தான் பார்க்ஸ் பெயரை வைத்தார்கள். சம்பவம் நடந்த முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில்தான் அவர் அப்போது குடியிருந்தார். ஆகவே ‘பூல்வார்ட்’ என்ற அந்த ஒற்றைச் சொல் கேட்பவரை மான்ட்காமரியிலிருந்து கிளப்பி, எண்ணூறு மைல் வடக்கே, எரிந்து அடங்கிய ஒரு தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாடப்புத்தகம் முடிகிற இடத்தில் இசை ஆரம்பிக்கிறது.

ஏன் அவர் டெட்ராய்ட்டுக்கு வந்தார்? வென்றபின் ஒரு வீராங்கனை ஊரைவிட்டுப் போவானேன்? வெற்றியின் விலையை அவர் குடும்பம் கட்டவேண்டி வந்தது, அதனால்தான். கைதான சில வாரங்களில் மான்ட்காமரி ஃபேர் கடையில் அவர் பார்த்த தையல் வேலை போயிற்று. கணவர் ரேமண்ட் ராணுவ முகாமின் முடிதிருத்தும் நிலையத்தில் பார்த்த வேலையை விட்டார். தொலைபேசி அடித்தால் கொலை மிரட்டல். 1957இல் கணவரோடும் தாயோடும், தம்பி இருந்த டெட்ராய்ட்டுக்குப் போனார். அங்கேயும் உடனே ஒன்றும் விடியவில்லை. 1960இல் ‘ஜெட்’ இதழ் அவரைப் புறக்கணிப்பின் மறக்கப்பட்ட பெண் என்று எழுதும் அளவுக்கு வறுமையும் நோயும் இருந்தன. 1965இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் தம் டெட்ராய்ட் அலுவலகத்தில் வேலை தந்த பிறகே மாதச் சம்பளம் நிலையாயிற்று. 1988 வரை அங்கே வீடில்லாதவர்கள், வேலையில்லாதவர்கள் கொண்டுவந்த மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1967இல் அல்ஜியர்ஸ் விடுதியில் மூன்று கறுப்பின இளைஞர்கள் கொல்லப்பட்ட விவகாரத்தில், நீதிமன்றத்தை நம்பாத மக்கள் தாங்களே ஒரு மன்றம் கூட்டி விசாரித்தார்கள். அதன் நடுவர் குழுவில் பார்க்ஸும் உட்கார்ந்தார். இதையெல்லாம் எந்தச் சிலையில் செதுக்குவது? மான்ட்காமரிப் பேருந்தில் இருந்தது ஒரு மாலை. டெட்ராய்ட்டில் வாழ்ந்தது நாற்பத்தெட்டு ஆண்டு. டாகர்ட்டி தலைப்பு வைத்தது அந்த நாற்பத்தெட்டுக்கு.

இனி அந்தப் பாட்டு. 1999இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெட்ராய்ட்டில் பார்க்ஸ் போய்வந்த செயின்ட் மேத்யூ ஆலயத்தில் வழிபாட்டில் கலந்துகொண்டதாகவும், பிறகு அவரிடம் உங்களுக்குப் பிடித்த இசை எது என்று கேட்டதாகவும் டாகர்ட்டி இந்தப் படைப்புக்கான குறிப்பில் எழுதியிருக்கிறார். பார்க்ஸ் சொன்ன பதில், ‘ஓ ஃப்ரீடம்’. அடிமைமுறையை முடித்த உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்துக் கறுப்பின மக்களின் பாட்டு அது. இதமான பக்திப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொருவருக்கு அடிமையாக இருப்பதைவிட மண்ணுக்குள் போவதே மேல் என்பது அதன் சாரம். சோர்ந்துபோன தையல்காரம்மா, கால்வலியால் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்றொரு கதை பல தலைமுறைப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. உடல் சோர்வு ஒரு காரணமே அல்ல என்று அவர் தம் சுயசரிதையில் மறுத்திருக்கிறார். கைதாகும்போது அவர் கறுப்பின முன்னேற்ற தேசியச் சங்கத்தின் மான்ட்காமரிக் கிளையில் பன்னிரண்டு ஆண்டு பொறுப்பில் இருந்தவர். 1944இல் வெள்ளையர் கும்பலால் பாலியல் வன்முறைக்கு ஆளான ரெசி டெய்லரின் வாக்குமூலத்தை எடுக்க நேரில் போனவர். 1955 கோடையில் டென்னசி மலைப்பகுதியின் ஹைலாண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி பெற்றவர். இப்படிப்பட்டவர் எண்பத்தாறு வயதில் தமக்குப் பிடித்தது என்று சொல்ல எடுத்த பாட்டு அது. அவருடைய குணத்துக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தப் பாட்டை டாகர்ட்டி டிராம்போன்களிடம் கொடுத்தார். அடிப்படை வடிவ டிராம்போனுக்குச் சாவியும் கிடையாது, வால்வும் கிடையாது. ஏழு நிலைகளுக்குள் நீண்டு சுருங்கும் குழாய்தான். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளி விடாமல் வழுக்கிப் போகலாம். நாகஸ்வரக் கமகத்தில் ஊறிய காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கத்திய ஊதுவாத்தியங்களில் மனிதக் குரலின் இழுப்புக்கும் முனகலுக்கும் மிக அருகில் வருவது இதுவே. கறுப்பினத் திருச்சபைகளில் டிராம்போன்கள் முதன்மையாகக் கூடி வழிபாட்டில் முழங்கும் மரபும் உண்டு. யுனைடெட் ஹவுஸ் ஆஃப் பிரேயர் சபையார் அதற்குப் பெயர்பெற்றவர்கள். தென்மாநிலத் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கித்தவர்களின் குரலையே தம் டிராம்போன்கள் எதிரொலிப்பதாக டாகர்ட்டி சொல்கிறார். அவை பாட்டை முழுதாகப் பாடுவதில்லை. ஒரு துண்டு வருகிறது, நின்றுபோகிறது. வேறொன்று குறுக்கே புகுகிறது. மறுபடி ஒரு துண்டு.

இங்கே ஒரு ஆட்சேபம் எழவேண்டும். இந்தப் படைப்பைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக இதைத் தொடுவதில்லை. எனக்கோ இதுவே ஆகக் கனமான ஆட்சேபமாகப் படுகிறது. ஒரு பெண்ணைப் போற்றும் படைப்பில் ஒலிப்பது போதகர்களின் குரல். பிரசங்க மேடை அந்நாளில் பெரும்பாலும் ஆண்களுடையது. வரலாற்றில் பார்க்ஸை மௌனமாக்கியதும் அதே மேடைதான். புறக்கணிப்பின் முதல் நாளான 1955 டிசம்பர் 5 இரவு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இருபத்தாறு வயது மார்ட்டின் லூதர் கிங் பேசிப் புகழடைந்தது அன்றைக்குத்தான். மேடையில் பார்க்ஸும் இருந்தார். மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேசுவதற்கு அவரை அழைக்கவில்லை. அந்தப் புறக்கணிப்புக்கு ஊரைத் திரட்டிய பல்லாயிரம் துண்டறிக்கைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சைக்ளோஸ்டைல் எடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. 1963இல் வாஷிங்டன் பேரணியிலும் இதே கதை. போராடிய பெண்களுக்கு நன்றி சொல்லும் ஒரு சிறு நிகழ்ச்சியில் பார்க்ஸை நிறுத்தினார்கள். அவர் பேசியது ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் இராது. முக்கிய உரைகளெல்லாம் ஆண்களுடையவை. வேடிக்கை என்னவென்றால், அதே நாள் காலையில் ‘ஓ ஃப்ரீடம்’ பாட்டை அந்தக் கூட்டத்தில் ஜோன் பேயஸ் பாடினார். பாட்டுக்கு மேடை கிடைத்தது, அதைத் தன் பாட்டாகக் கொண்டிருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் டாகர்ட்டியும் அதே தவற்றைச் செய்கிறாரா? பாதி ஆம் என்றே சொல்வேன். தம் குறிப்பில் போதகர் என்ற சொல்லை அவர் எடுத்தபோது, எந்தக் குரல் கேட்கவில்லை என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் இசை குறிப்போடு நின்றுவிடுவதில்லை. வாசிக்கப்படும் மெட்டு பார்க்ஸ் எடுத்துக் கொடுத்தது. எந்தப் போதகரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அரை நூற்றாண்டு மேடையில் அவருக்காகப் பிறர் பேசினார்கள். இங்கே மூன்று டிராம்போன்கள் அவர் சொன்னதைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் தனியொருவர் குரலாக அல்ல, மூவராக. ஒற்றை வீராங்கனைக் கதை இயக்கத்தைத் திரித்துவிடுகிறது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது நியாயமான புகார். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே அதே ஊரில் பதினைந்து வயது கிளாடெட் கால்வின் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். பேருந்துச் சட்டத்தை முறியடித்த வழக்கில் வாதிகளாக நின்றவர்கள் அவளும் வேறு மூன்று பெண்களும். பார்க்ஸ் அந்த வழக்கிலேயே இல்லை. தனி வாத்தியக் கச்சேரியாக எழுதாமல் ஒரு வாத்தியப் பிரிவையே முன்னால் நிறுத்தியதில், இந்தப் புகாருக்கு ஒரு பதில் தானாக வந்து அமைந்திருக்கிறது.

டிராம்போன்களுக்குக் குறுக்கே வேறொன்று புகுகிறது என்று சொன்னேன் அல்லவா? அது பேருந்து. டிரம்பெட், ஹார்ன், சுருதியில்லாத தாளவாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து கொந்தளிப்பான ஒரு பேருந்துப் பயணத்தைக் காட்டுவதாக டாகர்ட்டி சொல்கிறார். ஆதார சுருதி என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பகுதிகள். ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று ஒவ்வாத தாளக் கணக்குகள். விவரம் தெரிந்த ஒருவர் இதற்கு உடனே மறுப்புச் சொல்லலாம்: அன்று மாலை பேருந்து ஓடவில்லையே. எம்பயர் திரையரங்க நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் வெள்ளையருக்கு ஒதுக்கிய பத்து இருக்கையும் நிறைந்து ஒரு வெள்ளைக்காரர் நின்றார். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக் எழுந்து வந்து, நடுப்பகுதியின் முதல் வரிசையில் இருந்த நால்வரையும் எழுந்திருக்கச் சொன்னார். மூவர் எழுந்தனர். பார்க்ஸ் தம் பக்கத்தில் இருந்தவர் வெளியேற வழிவிட்டு, அவர் இருந்த ஜன்னலோர இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கூச்சல் இல்லை, கைகலப்பு இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அசாத்திய அமைதியை இத்தனை டிரம்பெட்டுகளால் எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது. இந்தப் படைப்பு அதைச் சொல்லவில்லை என்பதே என் வாதம். டிசம்பர் 1 மாலையை விவரிக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இது தோல்வி. ஆனால் மான்ட்காமரியில் கறுப்பின மக்கள் தினம் போய்வந்த பயணத்தை நினைத்துப் பாருங்கள். பயணிகளில் பெரும்பான்மையினர் அவர்கள்தான். முன்படியில் ஏறிக் காசு போடவேண்டும். இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறவேண்டும். அதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு. முன் இருக்கை காலியாக இருந்தாலும் கையில் குழந்தையோடு நிற்கவேண்டும். ஓட்டுநருக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு. 1943இல் இதே பிளேக், தம் வண்டியின் முன்படியில் ஏறிய பார்க்ஸை இறங்கிப் பின்வாசலில் ஏறச் சொன்னார். பார்க்ஸ் மறுத்தார், இறக்கிவிடப்பட்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டு, அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்த வண்டியில் ஏறாமலே பார்த்துக்கொண்டார். 1955இல் கவனிக்காமல் ஏறிவிட்டார். ஒரே வண்டி, ஒரே சாலை, உள்ளே இரண்டு சட்டம். ஒரே சுர வரிசைத் தாளில் ஒத்துப்போகாத இரண்டு லயக் கணக்கை ஏககாலத்தில் ஓடவிடுவதைவிட இதற்குப் பொருத்தமான வழி இசையில் இல்லை. அமைதியான அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருந்த கொந்தளிப்பு பன்னிரண்டு ஆண்டு வயதுடையது. புகைப்படத்தில் அதைக் காட்ட முடியாது, ஏனென்றால் புகைப்படத்துக்குக் காலம் இல்லை. இசை காலத்தால் மட்டுமே ஆனது. இவ்வளவு சொன்னாலும், பேருந்துப் பகுதிகளில் ஒன்றிரண்டு இடம் திரைப்படத்தின் துரத்தல் காட்சியை நினைவுபடுத்தும் என்பதை மறைக்க மாட்டேன். டாகர்ட்டிக்குச் சத்தத்தின் மேல் ஒரு சபலம் உண்டு.

அந்தச் சபலத்தை வைத்தே அடுத்த கேள்வியும் வரும். சூப்பர்மேனுக்கு ஒரு சிம்பொனி, எல்விஸ் பிரெஸ்லிக்கு ஒரு படைப்பு, ஜாக்குலின் கென்னடிக்கு ஓர் ஆபரா என்று எழுதிக்கொண்டு போனவர் இவர். ஐயோவாவில் பிறந்த வெள்ளைக்காரர். அந்தப் பிரபலங்களின் வரிசையில் பார்க்ஸும் ஒரு பெயரா? யாருடைய வலியை யார் இசையாக்குவது என்ற கேள்வி அமெரிக்காவில் சும்மா எழுவதல்ல. கறுப்பினத்தவரின் மெட்டை எடுத்து வெள்ளையர் சம்பாதித்த கதை அங்கே நூறாண்டுக்கு மேல் நீளம். பெயரைப் பற்றிய சச்சரவுக்கு அதே 1999இலேயே ஓர் உதாரணம் உண்டு. ‘ரோஸா பார்க்ஸ்’ என்று ஒரு ராப் பாட்டுக்குப் பெயர் வைத்ததற்காக அவுட்காஸ்ட் என்ற கறுப்பினக் குழுவின் மேல் அவர் பெயரில் வழக்குப் போடப்பட்டது, 2005இல்தான் சமரசமாயிற்று. ஆக, ஒரே தோல் நிறமாக இருப்பது மட்டுமே உரிமை தந்துவிடாது, வேறாக இருப்பது மட்டுமே உரிமையைப் பறித்துவிடாது. எப்படி அணுகினார் என்பதைப் பார்க்கவேண்டும். 1992இல் டாகர்ட்டி க்ரோனோஸ் என்ற நால்வர் இசைக்குழுவுக்காக உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவரைப் பற்றி ஒரு படைப்பு எழுதினார். அதில் ஹூவர் பேசிய ஒலிப்பதிவுகளையே வெட்டி ஒட்டி ஒலிக்கவிட்டார். ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டவரின் குரலை நாடாவில் பிடித்து ஆட்டிவைப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. பார்க்ஸின் குரல் பதிவுகளும் கிடைப்பவைதான். அவற்றைத் தொடவில்லை. நேரில் கேட்டு, அவர் சொன்ன பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். இந்த வேறுபாட்டை நான் மரியாதை என்று வாசிக்கிறேன்.

சொற்களே இல்லாமல் ஒரு போராளியைப் போற்றுவது சரிதானா என்றும் கேட்கலாம். அமெரிக்க மரபு வேறு மாதிரி. ஆரன் கோப்லண்ட் 1942இல் லிங்கனைப் பற்றி எழுதியபோது ஒருவரை நிறுத்தி லிங்கனின் வார்த்தைகளைப் பேசவைத்தார். ஜோசப் ஷ்வான்ட்னர் 1982இல் மார்ட்டின் லூதர் கிங்குக்காக எழுதியதில் கிங்கின் சொற்களே நடுநாயகம். 1983 ஜனவரி 15 முதல் அரங்கேற்றத்தில் அவற்றைப் பேசியவர் பேஸ்பால் வீரர் வில்லி ஸ்டார்ஜெல். இவற்றில் ஒரு சிக்கல் உண்டு: பேச்சு தொடங்கியதும் இசை பின்னணியாகிவிடுகிறது. லூச்சானோ பெரியோ 1968இல் எதிர்த்திசையில் போனார். கிங்கின் பெயரையே எழுத்தெழுத்தாகப் பிரித்து, கடைசியில்தான் முழுப் பெயர் கூடிவரும்படி ஒரு பெண் குரலுக்கு எழுதினார். டாகர்ட்டியின் வழி இவை இரண்டுக்கும் நடுவே. சொல் இல்லை, ஆனால் சொல்லைச் சுமந்த மெட்டு இருக்கிறது. அந்தப் பாட்டை அறிந்தவருக்கு டிராம்போன் வாசிக்கும்போது வரிகள் உள்ளே ஓடும். அறியாதவருக்கு? நிகழ்ச்சிக் குறிப்பு இல்லாவிட்டால் அவருக்குப் பாதி போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசிக்கிறவர்களை மறந்துவிடக் கூடாது. பேண்டு இசை முதலில் போய்ச்சேர்வது மாணவர்களிடம். எளிதான படைப்பல்ல இது, வாரக்கணக்கில் பழகவேண்டும். பத்தொன்பது வயது டிராம்போன்காரர் ஒருவர், இந்த மெட்டு ஏன் முடியாமல் நிற்கிறது என்று ஒத்திகைதோறும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும். சிலைக்கு முன்னால் அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை.

கடைசியாக, முடிவு. நினைவஞ்சலி இசைக்கு வழக்கமான ஒரு முடிவு உண்டு: எல்லா வாத்தியமும் கூடி, மெட்டு முழுதாக எழுந்து, வெளிச்சமான ஒரு பெரும் சுரத்தில் நிற்கும், கூட்டம் எழுந்து கைதட்டும். இங்கே தொடக்கத்தில் வந்த மரக்குழல்களும் மணிகளும் கலக்கமான தாளவாத்தியமும் முடிவிலும் திரும்பி வருகின்றன. கடந்த நூற்றாண்டில் முன்னேற்றம் உண்டு, செய்யவேண்டியது இன்னும் நிறைய என்பதன் அடையாளம் இது என்று டாகர்ட்டி குறிக்கிறார். பெருமைப்படவேண்டிய இடத்தில் பயமுறுத்துவானேன், நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தெருவையே காட்டலாம். பார்க்ஸின் பெயரைத் தாங்கிய சாலையின் இருபுறமும் வீடுகளும் கடைகளும் பல்லாண்டு வெறுமையாகக் கிடந்தன. டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 1950இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல், 2000இல் ஒன்பதரை லட்சம். 1994இல், எண்பத்தோரு வயதில், பார்க்ஸ் தம் வீட்டுக்குள்ளேயே தாக்கப்பட்டுக் கொள்ளையடிக்கப்பட்டார். 1999இல் நாடாளுமன்றம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. இரண்டும் ஒரே மனுஷியின் கடைசிக் காலத்தில் நடந்தவை. இதை வெற்றி முழக்கத்தோடு முடித்திருந்தால் பாதி வாழ்க்கையை மறைத்த பாவம் சேர்ந்திருக்கும்.

இந்தப் படைப்பின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. தேடிக் கேளுங்கள். டிராம்போன்கள் அந்தப் பாட்டைத் துண்டு துண்டாகத்தான் வாசிக்கும். மீதியும் வரும் என்று காத்திருக்காதீர்கள்.